குறை சொல்ல ஒன்றுமில்லை

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். டைல்ஸ் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை மேசை என்னுடையது. சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு டைலும் வெள்ளை விளக்குக்கு அடியில் என் முன்னால் நகர்ந்து போகும். மூலை உடைந்திருக்கிறதா, நிறம் திட்டுத் திட்டாக விழுந்திருக்கிறதா, மேல்பூச்சில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு விநாடிதான் அவகாசம். பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் ஆளை.

இந்தக் கண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் புகைப்படக் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் ஒன்பது பேர். யாருக்கும் படம் எடுப்பது தொழில் இல்லை. ஒரு பல் டாக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு கணக்கு டீச்சர், இன்னும் இப்படிச் சிலர். டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் மதியம் மூன்று மணிக்கு அங்கே, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கூடுவோம். சுவரில் ஒரு பெரிய டிவி. மற்ற நாட்களில் அதில் பல் தேய்க்கும் முறை ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் படங்கள் ஓடும்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை முதல் நாளே டாக்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் பேரை எடுத்துவிட்டு எண் போடுவார். எது யார் எடுத்தது என்று கடைசி வரைக்கும் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்தைப் பற்றியும் எல்லோரும் வரிசையாகப் பேச வேண்டும், எடுத்தவர் உட்பட. சொந்தப் படத்தை யாரோ எடுத்தது போல முகத்தை வைத்துக்கொண்டு அலச வேண்டும். தன் முறை வரும்போது வாயை மூடிக்கொண்டால் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா, அதற்காக. முதல் தடவை இதைச் செய்கிறவர்களுக்குக் காது சிவந்துவிடும். கடைசியில் டாக்டர் பட்டியலை வாசிக்கும்போதுதான் குட்டு உடையும்.

அங்கே எனக்கு எக்ஸ்ரே என்று பேர். நான் வாயைத் திறந்தால் படத்தின் எலும்பு தெரியும் என்று மருந்துக்கடைக்காரர் வைத்தது. அடிவானம் சாய்ந்திருந்தால் சொல்லுவேன். ஓரத்தில் யாருடைய கையாவது எட்டிப் பார்த்தால் சொல்லுவேன். நல்லதையும் சொல்லத்தான் செய்வேன், அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஆனால் என் பேச்சைக் கேட்டுத் திருத்திய படம் தேறாமல் போனதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வீட்டில் கதை வேறு. கல்யாணமான புதிதில் என் மனைவி ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நான் சும்மா இருக்காமல், "ஓரம் ஒரு விரல் கோணலா இருக்கே" என்றேன். அன்றைக்கே அதைப் பிரித்துப் போட்டாள். அதற்குப் பிறகு தையல் மெஷின் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷம் மூடி போட்டபடி கிடந்தது, கடைசியில் யாருக்கோ தூக்கிக் கொடுத்தோம். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டவன்தான். சமையலோ, துணிமணியோ, வீட்டுச் சுவருக்கு அடித்த பெயிண்டோ, எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லியே இருபது வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன்.

போன வருஷம் அவள் தம்பி தனக்குப் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை அக்காவிடம் கொடுத்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். படுக்கை விரிப்பு முதல் ஆபரேஷன் தியேட்டர் துணி வரைக்கும் அவள் பார்த்துத்தான் மேலே போகும். எட்டு மணி நேரம் நீராவியில் வெந்துவிட்டு வருகிறவள், வந்ததும் கேமராவை எடுத்து மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். எடுத்ததை என்னிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கு" என்பேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்ன நாளும் உண்டு. போகப் போக அவள் காட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். டைலில் ஊசிமுனை ஓட்டை தெரிகிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

போன மாதம் தம்பி அவளுக்குப் போன் செய்தான். அவன் மகளுக்குக் காலேஜில் படம் எடுக்கிற பாடம் வந்திருக்கிறதாம். அக்கா கேமராவைச் சும்மாதான் வைத்திருக்கிறாள் என்றால் மகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்றேன்டா," என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த ஞாயிறு நானும் உங்க குழுவுக்கு வரேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரு படம் வைக்கப் போறேன்."

"தாராளமா வா. எந்தப் படம்?"

"அது எதுக்கு உங்களுக்கு? நம்பர் போட்டு வரட்டும். அங்க இருக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்கணும். எனக்கு இது வரும்னு தோணிச்சுன்னா கேமராவ வச்சுக்கறேன். இல்லன்னா பொண்ணுக்குக் கொடுத்துடறேன். அவளாவது உருப்படியா எடுப்பா."

"அதான் நான் சொல்லிட்டே இருக்கேனே, நீ எடுக்கறது எல்லாம் நல்லாத்தான்..."

"நீங்க சொல்லுவீங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கேமரா போனால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு முடிவு செய்தேன். மற்ற எட்டுப் பேர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், என் வாயால் அவள் படத்துக்கு ஒரு கீறலும் விழக் கூடாது. அவள் எடுத்தது எது என்று எனக்குத் தெரியாமலா போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு மாறாக டாக்டர் என்னிலிருந்தே ஆரம்பித்தார். மற்ற நாட்களில் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று என்னைக் கடைசியில்தான் பேச விடுவார். என் மனைவி கடைசி நாற்காலியில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதல் மூன்று படங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. அப்புறம் நான்காம் எண் வந்தது.

உயரத்திலிருந்து எடுத்த ஒரு தெரு. விடியும் நேரம். மழை விட்டு அதிக நேரம் ஆகியிருக்காது, தார் ரோடு முழுக்க நீலமாக மினுமினுத்தது. இரண்டு பக்கமும் இழுத்து மூடிய ஷட்டர்கள். ஒரே ஒரு தெருவிளக்கு மட்டும் அணைய மறந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. படத்தின் கீழ்ப்பாதியில், இடமும் வலமும் அளந்து வைத்தது போல நட்ட நடுவில், ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறான். தோளில் ஒரு பை.

"வெளிச்சம் பிரமாதம்," என்று ஆரம்பித்தேன். "இந்த நேரத்துக்கு எழுந்து காத்திருந்து எடுத்திருக்காங்க, அது தெரியுது. ரோட்டோட வளைவு நம்மள உள்ள கூட்டிட்டுப் போகுது. எல்லாத்தையும் கெடுக்கறது அந்த ஆள்தான். சரியா நடுவுல வந்து நிக்கறான். விளக்குக் கம்பம் அவன் தலையிலேர்ந்து முளைச்ச மாதிரி இருக்கு. ஒரு தோள் இறங்கிக் கிடக்கு, பார்க்கவே சோர்வா இருக்கு. ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா அவன் போயிருப்பான், வெறும் தெரு கிடைச்சிருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. கீழ்ப்பாதிய வெட்டிடுங்க. ஆள் போயிடுவான், படம் தேறிடும்."

கணக்கு டீச்சர் தலையாட்டினார். ஆள் இல்லையென்றால் அமைதி இன்னும் கூடும் என்றார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். கடைசியில் என் மனைவியின் முறை வந்தது.

"எனக்கு என்னமோ முதல்ல அந்த ஆளத்தான் பார்க்கத் தோணிச்சு," என்றாள். "வேலைக்குப் போறார் போல. ஈர ரோட்டுல வழுக்காம பார்த்துப் பார்த்துப் போறார்."

புதிதாக வந்தவள், கற்றுக்கொள்ளட்டும் என்று முறை தவறி நடுவில் புகுந்தேன். "கண்ணு அங்க போறதுதாம்மா கோளாறே. போகக் கூடாத இடத்துக்குப் போகுது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சரி என்று தலையசைத்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஏழாம் எண் திரையில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி மொட்டை மாடி. கயிறு கயிறாக வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டு நிற்கின்றன. அடையாளம் சொல்லவா வேண்டும், இது என் வீட்டம்மா படம். படம் சரிந்துதான் இருந்தது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வெள்ளை எல்லாம் வெளுத்துப்போய்த் துணியின் மடிப்பே தெரியவில்லை. மூலையில் பாதித் தண்ணீர்த் தொட்டி வேறு. இரண்டு விநாடியில் எல்லாம் என் கண்ணில் பட்டது. பட்டதை அப்படியே விழுங்கினேன்.

"அருமையான படம்," என்றேன். "குறை சொல்ல ஒண்ணுமில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்துப் பேச வேண்டிய மருந்துக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்ரே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? சுவர் சாய்ஞ்சு கீழ விழுந்துடும் போல இருக்கு. துணியில வெள்ளையத் தவிர எதுவும் தெரியல."

"காத்து அடிக்கறப்போ எல்லாம் சாயத்தான் செய்யும்," என்றேன். "அந்தச் சாய்வுலதான் படத்துக்கே உயிர். சும்மா குறை சொல்லணும்னு சொல்லக் கூடாது." என் வாயிலிருந்து வந்த கடைசி வாக்கியத்தை நானே நம்பவில்லை. பெருந்தன்மையோடு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

எல்லாப் படமும் முடிந்ததும் டாக்டர் பட்டியலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசித்துக்கொண்டே வந்தார். "நாலு, புதுசா வந்திருக்கற நம்ம மேடம்," என்றார். "முதல் படத்துலயே இப்படி ஒரு வெளிச்சம். வாழ்த்துகள்மா." எல்லோரும் கை தட்டினார்கள். என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ஏழு, மருந்துக்கடைக்காரர். மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் மாடிக்கு ஏறி எடுத்தாராம்.

"என் படத்த நானே திட்டறேன், எக்ஸ்ரே வந்து எனக்காகச் சண்டை போடறார்," என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "தெரியக் கூடாதுன்னுதானே நம்பர்," என்றாள். இறங்கும் வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். என் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான்காம் எண்தான், பெரிதாகப் பிரின்ட் போட்டிருந்தாள். கீழ்ப்பாதியை நோட்டுப் புத்தகத்தால் மறைத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி வெட்டியாச்சு. பாருங்க."

பார்த்தேன். நீலத் தெரு, மஞ்சள் விளக்கு, வளைவு. படம் நன்றாகவே இருந்தது. அவள் நோட்டை எடுத்தாள்.

"இப்ப இதப் பாருங்க. நிதானமா."

டிவியில் விரற்கடை அளவு தெரிந்தவன் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். பையின் வார் ஒருமுறை அறுந்துபோய் நீலக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் நான். அப்புறம்தான் ஷட்டர்கள் தெரிந்தன. சைக்கிள் கடை, சலூன், எதிரே பூட்டிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடை. தினமும் நான் நடக்கிற தெரு. மேலேயிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை.

"மொட்டை மாடியிலேர்ந்து எடுத்தேன்," என்றாள்.

தன் முதுகு எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியும்? யாரோ ஒரு சோர்ந்துபோன ஆள், வெட்டி எறியலாம் என்று ஒன்பது பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "என் தோள் இப்படியா இறங்கிக் கிடக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"போன மழைக்காலத்துலேர்ந்து ஒரு பக்கமா சாஞ்சுதான் நடக்கறீங்க. வலிக்குதான்னு கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க. அதான் எடுத்தேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலுக்கு நீங்க பேசினது எனக்கு வலிக்கல. நிஜமாத்தான் சொல்றேன். இந்த ஒரு வருஷத்துல என் படம் ஒண்ண நீங்க இவ்வளவு நேரம் உத்துப் பார்த்தது இன்னிக்குத்தான். சொன்னதும் சரியாத்தான் இருந்துச்சு, கம்பம் தலையில முளைச்சிருக்கறத நான் பார்க்கவே இல்ல. ஏழுக்குச் சொன்னீங்க பாருங்க, அதான் வலிச்சுது. அது என்னோடதுன்னு நினைச்சீங்க, இல்ல?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"சுவர் சாஞ்சிருக்கறது உங்களுக்கா தெரியாது? தெரிஞ்சுக்கிட்டே குறை சொல்ல ஒண்ணுமில்லன்னீங்க. அப்ப இத்தன நாளா எனக்குச் சொன்ன நல்லா இருக்கு எல்லாம் என்ன?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான். அன்னிக்கு அந்தத் திரை கோணல்னு சொன்னேன், நீ மெஷினையே தொடாம விட்டுட்ட. அதிலேர்ந்து..."

"எந்தத் திரை?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "அட, அதுவா. எனக்குத் தையல்னாலே ஆகாதுங்க. எங்கம்மா கட்டாயத்துக்குக் கத்துக்கிட்டது. எப்படா விடலாம்னு இருந்தேன், நீங்க நல்ல சாக்கு கொடுத்தீங்க. அதுக்கா இருபது வருஷம்?"

அதற்குத்தான் இருபது வருஷம். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. எதிரில் இருக்கிறவள் கண்ணாடிப் பொம்மை என்று நானே முடிவு செய்து, மேலே துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பேரும் வைத்திருக்கிறேன்.

அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள். "இப்ப நம்பர் இல்ல. யார் எடுத்தது, உள்ள இருக்கறது யாரு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். தம்பிக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும். ஆள் வேணுமா, வேண்டாமா?"

இருக்கட்டும் என்று சொல்வது சுலபம். அவள் காலை நேரத்தில் மாடி ஏறி நின்று என்னை எடுத்திருக்கிறாள், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் இன்னொரு பொய் சொன்னால் கேமரா மட்டும் போகாது, அவள் இனி என்னிடம் எதையும் காட்ட மாட்டாள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு விநாடி இல்லை, பத்து நிமிஷமாவது பார்த்திருப்பேன்.

"வேண்டாம்," என்றேன். "இந்தப் படத்துல நான் வேண்டாம். நானா இருக்கறதால கம்பம் நகர்ந்துடாது. ஆனா வெட்டினாலும் சரியில்ல, அங்க நான் சொன்னது பாதி தப்பு. வெறும் தெருவ யார் வேணா எடுப்பாங்க. நீ மேல நின்னு பார்த்தது இந்த ஆளத்தான், அது இன்னும் படத்துல வரல. தெருவே பெருசா வந்துடுச்சு. நீ நாலடி வலப்பக்கம் தள்ளி நின்னிருந்தா கம்பம் விலகியிருக்கும். நான் அந்த வளைவுகிட்ட போற வரைக்கும் பொறுத்திருக்கணும். தோள் இறக்கம் அப்பத்தான் பேசும்."

அவள் குழு வழக்கத்தை மீறாமல் நான் முடிக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள். "பொண்ணுக்கு வேற கேமரா பாருடா. இது எனக்கு வேணும்." அவன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, வேலை பாக்கி இருக்கு," என்று வைத்தாள்.

டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"வலப்பக்கம் தள்ளி நிக்கறது சரி," என்றாள். "வளைவு வரைக்கும் பொறுக்கச் சொன்னீங்களே, அது நடக்காது. அங்க வெளிச்சம் இல்ல, நீங்க இருட்டுக்குள்ள போயிடுவீங்க. பத்து மாசமா தினம் பார்க்கறேனே."

பத்து மாசம். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கியதும் அவள் மறுபடி தூங்கிவிடுவாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

"நாளைக்கு நான் மேல பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பார்க்காதீங்க. படம் கெட்டுடும்."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தேன். சைக்கிள் கடையைத் தாண்டும்போது கழுத்து தானாக மேலே போகப் பார்த்தது, பிடித்து நிறுத்திக்கொண்டு நடந்தேன். கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, முதுகில் அது தெரியாது.